பிணியாளரைப் பேணுவோரைப் பேணுவார் யார்?

வைத்தியம் நான்கு கால்களில் நிற்பது என்பது நம் முன்னோர் கண்ட முடிவு. திருவள்ளுவர் மருந்தைப் பற்றிய அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் ஆகிய நான்கினையும் ஒரே வரிசையில் வைத்து எண்ணுகிறார். சரகரும் இதே நான்கினைக் கூறுகிறார். பணி செய்பவனுக்கு வேண்டிய குணங்களைச் சொல்லும்போது அன்பு, சுத்தம், திறமை என்பவற்றோடு, பணி செய்யும் முறையை அறிந்திருத்தலையும் அவர் சேர்த்து வைக்கிறார். அன்பு மாத்திரம் போதாது, அறிவும் வேண்டுமென்பது அவர் கருத்து.

இந்நான்கில் மூன்றுக்கு நம் தேசத்தில் இன்று ஏதோவொரு வகையில் ஏற்பாடு இருக்கிறது. வைத்தியரைத் தயார் செய்யக் கலாசாலைகள் உண்டு. மருந்தைப் பரிசோதிக்கச் சட்டமும் உத்தியோகஸ்தர்களும் உண்டு. நோயாளிக்கு வைத்தியசாலையும் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. நான்காமவரைப் பற்றி மாத்திரம் எவரும் பேசுவதில்லை. அவர் பெரும்பாலும் ஒரு ஸ்திரீ. மனைவியாகவோ, மகளாகவோ, மருமகளாகவோ, தாயாகவோ இருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை, விடுமுறை இல்லை, பயிற்சி இல்லை. அவருடைய பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. இரவும் பகலும் அவர் செய்யும் ஊழியத்தின்மீதுதான் நம் நாட்டு வைத்தியத்தின் பெரும்பாரம் தங்கியிருக்கிறது. அவர்களைப் பற்றி இன்று எழுதத் துணிந்ததற்குப் பழனி மலையில் நாம் கண்ட ஒரு காட்சியே காரணம்.

மேல்மலையில் கண்டது

சென்ற கோடையில் கொடைக்கானலுக்கு அப்பால் மேல்மலைக் கிராமமொன்றில் ஒரு நண்பரைக் காணச் சென்றிருந்தோம். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் படிப்படியாகச் சரிந்த நிலங்களில் பயிராகும் ஊர் அது. நண்பரின் அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி பக்கவாதத்தால் வலது கையும் காலும் விழுந்து படுத்திருந்தார். சமவெளியிலுள்ள ஒரு பெரிய வைத்தியசாலையில் எட்டு நாள் வைத்திருந்து, உயிருக்கு அபாயமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஜீப்பில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தது முதல் மருமகளே அவரைக் கவனித்து வந்தார். நாற்பது நாட்களில் இடுப்பின் பின்புறத்தில் உள்ளங்கையகலப் படுக்கைப்புண் உண்டாகிவிட்டது. மருமகள் தினந்தோறும் அதைக் கழுவி மஞ்சள் அப்பிக் கட்டி வந்தார். கூலி வேலைக்குச் செல்வதை அவர் அடியோடு நிறுத்திவிட்டார்.

நாம் வக்கீல் என்று அறிந்து, வைத்தியசாலையில் கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஆங்கிலக் காகிதங்களைப் படித்துப் பொருள் சொல்வது நம் தொழில். மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே, கடைசியில், மூன்று சிறு வரிகள் இருந்தன. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்கவும். உட்கார வைத்தே உணவு கொடுக்கவும். வலது கை கால்களுக்குத் தினமும் அசைவுப் பயிற்சி கொடுக்கவும். இவற்றைத் தமிழில் சொன்னோம். அந்த அம்மாள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இதுலயா ஐயா அது எழுதியிருக்கு? மருந்துச் சீட்டுன்னு நெனச்சுல்ல பத்திரமா வச்சிருந்தேன்” என்றார். மறுபடியும், “மொதல்லயே சொல்லியிருந்தா புரட்டிப் போட்டிருக்க மாட்டேனா?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. அந்த அம்மாளிடத்தில் அன்புக்குக் குறைவில்லை, உழைப்புக்கும் குறைவில்லை. அரைமணி நேரம் ஒருவர் தமிழில் சொல்லிக் காட்டியிருந்தால் போதும். அந்த அரைமணி நேரம் கிடைக்காததால் ஒரு மூதாட்டியின் உடலில் புண் உண்டாயிற்று. இது ஒரு வீட்டின் கதையாக இருந்தால் இப்பத்திரிகையில் எழுத வேண்டியதில்லை. நாம் விசாரித்தவரையில் ஊர்தோறும் இப்படி ஒன்றிரண்டு வீடுகள் இருக்கின்றன.

மலையின் இயல்பு

கொடைக்கானல் ஆரோக்கியத்தை நாடியே உண்டான ஊர். மதுரைப் பக்கத்தில் ஊழியம் செய்த அமெரிக்கப் பாதிரிமார்கள், சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி, 1845-ம் வருஷத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் தங்கள் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் பாதை வருவதற்கு முன்பு துரைமார்களும் அவர்கள் குடும்பத்தாரும் டோலியில் அமர்ந்து, நம் ஜனங்களின் தோள்மேல் மலையேறினார்கள். துரைமார்கள் போய்விட்டார்கள், ஆனால் டோலி போகவில்லை. மலைச்சரிவிலுள்ள வெள்ளகவி போன்ற ஊர்களிலிருந்து நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் டோலி கட்டித் தூக்கிச் சென்ற செய்திகளை இந்த நூற்றாண்டிலும் பத்திரிகைகளில் பலமுறை படித்திருக்கிறோம்.

மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கூக்கால், கிளாவரை. கீழ்மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, ஆடலூர், பாச்சலூர். இவற்றைச் சுற்றிலும் பளியரும் பிறரும் வாழும் சிறு குடியிருப்புகள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானல் நகரத்துக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வரவேண்டும். கொடைக்கானலில் அரசினர் வைத்தியசாலை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குத் திண்டுக்கல்லுக்கோ, தேனிக்கோ, மதுரைக்கோ இறங்க வேண்டும். 2022-ல் திண்டுக்கல்லில் அரசினர் வைத்தியக் கலாசாலை திறக்கப்பட்டது மலைக்கும் ஓரளவு நன்மையே. எனினும், வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் பக்கவாத நோயாளியை மாதம் இருமுறை இறக்கி ஏற்றுவது ஏழைக் குடும்பத்தால் ஆகிற காரியமா? ஆகையால், சமவெளியில் வைத்தியசாலை செய்யும் வேலையில் பாதியை மலையில் வீடே செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த வீடோ சமவெளியின் வீடல்ல. வாசலுக்கு முன் பத்துப் படிகள் இருந்தால் சக்கர நாற்காலி என்ன பயன் தரும்? மழைக்காலத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் உலராது. ஈரத் துணியின்மேல் படுத்தவருக்குப் புண் விரைவில் உண்டாகும். குளிருக்காகக் கணப்புச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். மூடிய அறையில் கரிப்புகை உயிரையே கொல்லும் என்பதைச் சொல்வாரில்லை. உணர்ச்சியற்ற காலுக்கு வெந்நீர்ப் பை வைத்து, சுட்டதே தெரியாமல் தோல் கழன்றுபோவதும் உண்டு. இளைஞர்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடிப் போய்விட, வீட்டில் கிழவனைக் கிழவி பார்க்கிறாள். அல்லது, பள்ளியை விட்டு நின்ற பெண் குழந்தை பார்க்கிறது.

அறியாமையின் விலை

நாம் சொல்லும் பயிற்சி தாதியர் கலாசாலையில் நான்கு வருஷம் படிப்பதன்று. சில எளிய பாடங்கள் போதும். படுத்த நோயாளியை எப்படிப் புரட்டுவது, தோல் சிவந்தால் என்ன பொருள், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நோயாளியைத் தூக்குவது எப்படி, பக்கவாதக்காரருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது புரையேறினால் ஏன் அபாயம், உணவுக்குப்பின் அரைமணி நேரமாவது ஏன் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், மூத்திரக் குழாயின் பையை ஏன் இடுப்புக்குக் கீழேயே வைக்க வேண்டும் என்பவை ஒரு வகுப்புக்குரியவை. வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையில் எதையாவது நுழைப்பதும் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைப்பதே முறை என்பது மற்றொன்று. ஞாபகம் தேய்ந்த முதியவர் இறந்துபோன கணவரைத் தேடினால், அவரோடு வாதாடாமல் பேச்சை வேறு பக்கம் திருப்புவது எப்படி என்பது இன்னொன்று.

ஞாபகத் தேய்வு முதுமையின் சாதாரண மறதியென்று நாம் நினைத்துவிடுகிறோம். 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர், இந்நோயுடையவர்கள். தமிழ்நாட்டிலோ 2011 ஜனக்கணக்கிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தார்கள். இவ்விகிதம் வருஷந்தோறும் ஏறி வருகிறது. நோயாளிகள் பெருகுவதோடு, பேணுவோர் குறைந்தும் வருகிறார்கள்.

பேணுவோர் யாரென்பதற்கும் கணக்கு உண்டு. மத்திய சர்க்கார் 2024-ல் எடுத்த காலச் செலவுக் கணக்கின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 41 சதவீதம் பேர் வீட்டிலுள்ளோரைப் பேணும் வேலையில் ஈடுபடுகிறார்கள், புருஷர்களில் 21.4 சதவீதம் பேரே ஈடுபடுகிறார்கள். ஈடுபடுவோரிலும் ஸ்திரீகள் நாளொன்றுக்கு 140 நிமிஷமும் புருஷர்கள் 74 நிமிஷமும் செலவிடுகிறார்கள். குழந்தைகளைப் பேணுவதும் இதில் அடக்கம். எனினும் பாரம் எவர் தோளில் இருக்கிறது என்பதை இவ்வெண்களே காட்டிவிடும். இதைப் படிக்கும் புருஷ நேயர்கள் தங்கள் வீட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்களாக.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப் புஸ்தகத்தைத் திறந்து பார்த்தால் விசித்திரமான நிலை தென்படுகிறது. 2007-ம் வருஷத்திய பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் முதியோரைக் கைவிடும் மக்களுக்கு மூன்று மாதம் வரை சிறையும் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. நல்லதே. உதறிச் சென்றவனைச் சட்டம் தேடிப் பிடிக்கிறது. உடனிருந்து தாங்கி நிற்பவளை அது திரும்பியும் பார்ப்பதில்லை.

2016-ம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒரு படி மேலே செல்கிறது. பெற்றோரும் பிற குடும்பத்தாரும் ஊதியத்துடனோ ஊதியமின்றியோ பேணுவாரானால், அவர்களைப் ‘பராமரிப்பாளர்’ என்று அது பெயரிட்டு அங்கீகரிக்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டம் வகுக்க வேண்டுமென்று 24-வது பிரிவு கூறுகிறது. ஆனால், ‘சர்க்காரின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு’ என்னும் சொற்றொடரையும் அதே பிரிவு சேர்த்து வைத்திருக்கிறது. வக்கீல்களுக்கு இத்தகைய சொற்றொடர்களின் பயன் நன்றாகத் தெரியும். வாசலைத் திறந்து வைத்துக் குறுக்கே ஒரு கட்டையைப் போடுவதற்கு ஒப்பானது அது. மேலும், இவ்வுரிமைகளுக்கெல்லாம் முதலில் ஊனத்தின் அளவைக் காட்டும் அத்தாட்சி வேண்டும். அத்தாட்சிக்கு நோயாளியையே வைத்தியர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். படுத்த படுக்கையாயிருப்பவரை டோலியில் இறக்கி, ‘இவரால் நடக்க முடியாது’ என்று அத்தாட்சி பெறுவதை என்னவென்று சொல்வது?

இப்பணிக்கு விலை மதிப்பிட இயலாதென்று சிலர் கூறுவர். நீதிமன்றங்கள் மதிப்பிட்டிருக்கின்றன. 2020 பிப்ரவரியில், மோட்டார் விபத்தில் முற்றிலும் செயலிழந்த ஒரு பெண்ணின் வழக்கில், அவளுக்கு வாழ்நாள் முழுவதும் இரண்டு பணியாட்கள் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் முடிவு செய்தது. ஆளுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாயாகக் கணக்கிட்டு, அதற்கென மாத்திரம் 21 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் அளித்தது. 2021 ஜனவரியில் மற்றொரு வழக்கில், வீட்டிலுள்ள ஸ்திரீயின் உழைப்புக்கு வருமானம் கற்பிக்க வேண்டியதன் நியாயத்தை அதே நீதிமன்றம் விரிவாக எடுத்துரைத்தது. ஆகவே, லாரி மோதினால் இவ்வுழைப்புக்கு விலையுண்டு. லாரி மோதாவிட்டால் விலையில்லை! வாதம் நோயால் வந்ததா, வண்டியால் வந்ததா என்பதைப் பொறுத்து ஒரு தாயின் உழைப்பு மதிப்புடையதாகவும் மதிப்பற்றதாகவும் ஆகிவிடுமா?

இங்கிலாந்தின் அநுபவமும் கவனிக்கத்தக்கது. மேரி வெப்ஸ்டர் என்னும் பெண் போதகர் தம் பெற்றோரைப் பேணுவதற்காக வேலையை விட்டவர். அவர் 1963-ல் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்தைக் கண்டு, அவரைப்போன்ற பெண்கள் பலர் எழுதினார்கள். 1965-ல் ஒரு சங்கம் உருவாயிற்று. அதன் பலனாக, 1976-ல் பேணுவோருக்கு உதவித்தொகை ஏற்பட்டது. ஆனால், கலியாணமான பெண்களுக்கு அது இல்லையென்று விதித்தார்கள். வீட்டிலிருப்பது அவர்கள் இயல்பாம்! தாயைப் பேணுவதற்காக வேலையை விட்ட ஒரு கலியாணமான பெண் வழக்காடி, 1986-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் வெற்றி பெற்ற பிறகே அந்த அநீதி ஒழிந்தது. கேட்காமல் எங்கும் எவரும் கொடுத்ததில்லை.

நம் நாட்டு முன்மாதிரிகள்

பயிற்சி என்னும் எண்ணம் மேல்நாட்டிலிருந்து இறக்குமதியானதன்று. 1950களில் அமிருதசரஸ் மனநோய் வைத்தியசாலையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை அழைத்துக் கூடாரங்களில் தங்கவைத்தார். நோயின் தன்மையை அவர்களுக்கு விளக்கிச் சொல்லி, அவர்களையே சிகிச்சையில் பங்காளிகளாக்கினார். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் அம்மையார் 1984-ல் நிறுவிய ‘ஸ்கார்ப்’ ஸ்தாபனமும், குடும்பத்தாருக்குச் சொல்லிக் கொடுப்பதைச் சிகிச்சையின் பகுதியாகவே கொண்டது. தென்காசி ஜில்லாவில் ஆய்க்குடியில் 1981-ல் தோன்றிய அமர் சேவா சங்கம் தன் ஊழியர்களைக் குழந்தைகளின் வீட்டுக்கே அனுப்பி, வளர்ச்சி குன்றிய குழந்தையை நடத்தும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்து வருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய முன்மாதிரி மலைக்கு அப்புறத்தில் கேரளத்தில் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால் முதலானோர் வலி நிவாரண சங்கமொன்றை ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் மலப்புறத்துக் கிராமங்களில் ஆசிரியரும் மாணவரும் வியாபாரியும் கூலியாளும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கிப் பயிற்சி பெற்று, படுத்த நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லலானார்கள். 2008-ல் அந்த மாநில சர்க்கார் இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. படுத்த படுக்கையாயிருப்போரைப் பேணுவோருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் ‘ஆசுவாசகிரணம்’ என்னும் திட்டத்தையும் அங்கே ஏற்படுத்தினார்கள். தொகை சிறிது. ஆயினும், நோயாளியின் பெயரால் அன்றிப் பேணுபவரின் பெயரால் கொடுக்கப்படுவது அதன் விசேஷம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ந் தேதி ஆரம்பமான ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலரும், இயன்முறை வைத்தியரும், வலி நிவாரணத் தாதியும் வீட்டுக்கே செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. நாம் அதை மனமார வரவேற்கிறோம். ஆனால், வீட்டுக்கு வருபவர் மாதத்தில் அரைமணி நேரம் இருப்பார். மற்ற நேரமெல்லாம் இருப்பவர் மருமகளே. வருபவர் நோயாளிக்குச் செய்துவிட்டுப் போவதா, மருமகளுக்குக் கற்பித்துவிட்டுப் போவதா என்பதே கேள்வி.

இரண்டு ஆட்சேபங்கள்

‘தாயைப் பார்ப்பதற்கு மகனுக்குப் பயிற்சியா? அன்பு கற்றுக்கொடுத்து வருவதா?’ என்று கேட்கும் பெரியோர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மகாத்மாவின் வாழ்க்கையே பதில். பதினாறாவது வயதில் அவர் தம் தந்தைக்குப் புண்ணைக் கட்டி, மருந்து கலந்து கொடுத்து, இரவில் கால் பிடித்துப் பணி செய்தார். தென்னாப்பிரிக்காவில் தர்ம வைத்தியசாலையொன்றில் தினமும் சிறிது நேரம் ஊழியம் செய்து பழகினார். 1900-ல் டர்பனில் கடைசிக் குழந்தை பிறந்தபோது, மருத்துவச்சி உரிய வேளையில் கிடைக்கவில்லை. பிரசவத்தையும் குழந்தை வளர்ப்பையும் பற்றிய ஒரு குஜராத்தி நூலை முன்னரே கவனமாகப் படித்திருந்த அவர் தாமே பிரசவம் பார்த்தார். அன்பில் அவருக்கு எவரும் குறைசொல்ல மாட்டார்கள். அன்புடையவராகையினால்தான் அவர் கற்றுக்கொண்டார். பிணியாளருக்குச் செய்யும் பணியைப் பெண்களின் வேலையென்று அவர் ஒதுக்கவில்லை என்பதையும், அவர் வழி நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நாம் மறக்கலாகாது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்தால் நோயாளி குணமாகிவிடுவாரா? நம் தேசத்தில் 14 வைத்தியசாலைகளில் பக்கவாதமுற்ற 1,250 பேரைக் கொண்டு நடத்திய பரிசோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு உடற்பயிற்சி முறைகளைக் கற்பித்து அனுப்பினார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு மாதத்துக்குப்பின் இறந்தோரும் பிறர் உதவியின்றி வாழ இயலாதோரும் இரு பிரிவிலும் ஏறக்குறைய 47 சதவீதமாகவே இருந்தனர். இதை நாம் மறைக்க விரும்பவில்லை. பயிற்சி பெற்ற மருமகள் இயன்முறை வைத்தியருக்கு ஈடாக மாட்டாள் என்பதே இதன் படிப்பினை. பயிற்சியைக் காட்டி வைத்தியரையும் தாதியையும் குறைத்துவிட எந்தச் சர்க்காராவது நினைக்குமானால், அதை நாம் முதலில் எதிர்ப்போம்.

ஆனால், கோவாவில் ஞாபகத் தேய்வு நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களில் நடத்தி 2008-ல் வெளியான மற்றொரு பரிசோதனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளூர் மனிதர்களைப் பழக்கி வீடுகளுக்கு அனுப்பி, பேணுவோருக்கு யோசனை சொல்லவும் ஆறுதல் கூறவும் செய்தார்கள். பேணுவோரின் மனவருத்தம் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. ஒருமுறை கற்பித்து அனுப்பிவிடுவது போதாது. திரும்பத் திரும்ப வந்து துணை நிற்பதே பயன் தரும் என்று இவ்விரண்டிலிருந்தும் நாம் முடிவு செய்கிறோம். படுக்கைப்புண் வராமல் தடுப்பதும், புரையேறாமல் ஊட்டுவதும், பேணுபவளே நோயில் விழாமல் காப்பதும் சிறிய காரியங்களல்ல.

செய்ய வேண்டுவன

கொடைக்கானல் தாலூகாவுக்குப் பொருந்தும்படி சில யோசனைகளைக் கூறுகிறோம்.

முதலாவது, எந்த நோயாளியையும் வைத்தியசாலையிலிருந்து அனுப்புமுன் அவரைப் பேணப்போகிறவர் யாரென்று கேட்டு, அவருக்குச் செய்துகாட்டி, அவரையே செய்யச் சொல்லிப் பார்த்து, பிறகு அனுப்ப வேண்டும். குறிப்பைத் தமிழில், பெரிய எழுத்தில், படத்துடன் கொடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டமோ பெரும் பணமோ தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் சந்தைக்குச் சுற்றுப்புறத்து ஜனங்கள் வருகிறார்கள். அன்றைக்குச் சந்தைக்கு அருகில் இரண்டு மணி நேர வகுப்பு நடத்தினால், தனியே ஒரு நாள் கூலியை இழக்காமல் கற்றுக்கொள்ளலாம். சந்தைக்கு வரும் புருஷர்களும் கற்கட்டும். சமவெளியில் 1947-ல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி.ராமச்சந்திரன் அவர்களும் நிறுவிய காந்திகிராமம் இருக்கிறது. கிராம சுகாதார ஊழியர்களைப் பழக்குவதில் நீண்ட அநுபவமுள்ள அந்த ஸ்தாபனத்தின் உதவியை நாடலாம்.

மூன்றாவது, பஞ்சாயத்துதோறும் காற்றுப் படுக்கை, மலக்கழிவு நாற்காலி, ஊன்றுகோல் முதலியவற்றை இரவல் கொடுக்கும் ஒரு சிறு சாலை வேண்டும். ஒரு வீட்டில் நோயாளி இறந்தபின் பரணில் கிடக்கும் சாமான்கள் மற்றொரு வீட்டுக்குப் பயன்படும்.

நான்காவது, பேணுபவருக்கு ஓய்வு வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் விருப்பமுள்ளோரைப் பழக்கி, ஊதியம் கொடுத்து, மாதம் இரண்டு நாளாவது அவ்வீட்டில் இருக்கச் செய்தால், அந்த அம்மாள் தன் உடம்பைக் காட்டிக்கொள்ளவும், ஒரு கலியாணத்துக்குப் போய்வரவும், தூங்கவும் முடியும்.

ஐந்தாவது, ஊன அத்தாட்சிக்கு வைத்தியர் குழு மலைக் கிராமங்களுக்குச் செல்ல வேண்டும். நோயாளி இறங்கி வரக்கூடாது. 24-வது பிரிவு கூறும் பராமரிப்பாளர் படி, பேணுபவரின் பெயருக்கே தவறாமல் சேர வேண்டும். சக்திக்கு உட்பட்டு என்று சட்டம் சொல்லுமானால், சக்தி எவ்வளவென்று சர்க்கார் கணக்குக் காட்டட்டும்.

நம் கடமை

இவையெல்லாம் சர்க்காரின் காரியமென்று நம் ஊழியர்கள் இருந்துவிடலாகாது. ஊருக்கு ஊர் கொடியேற்றும் சங்கங்கள் இருக்கின்றன. தேர்தல் காலத்தில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கும் வாலிபர்கள் இருக்கின்றனர். எந்த வீட்டில் எத்தனை வாக்கு என்று அவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அவரை யார் பார்க்கிறார் என்று தெரியுமா? மேல்மலையிலும் கீழ்மலையிலுமுள்ள நம் அன்பர்கள் தத்தம் ஊரில் இந்தக் கணக்கை முதலில் எடுக்கட்டும். எடுத்து, கொடைக்கானலிலுள்ள கோட்டாட்சியரிடமும் வைத்திய அதிகாரியிடமும் நேரில் கொடுக்கட்டும். ஒரு பிரதியை நமக்கு அனுப்பினால், பெயர்களை விட்டு எண்ணிக்கையை இப்பத்திரிகையில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.

மலையை விட்டு இறங்குமுன் மறுபடியும் அவ்வீட்டுக்குப் போனோம். மருமகள் சுவரில் கரியால் கோடுகள் இழுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஒரு கோடு. அவருடைய கணவரும் தம் பங்குக்கு இரவில் இரண்டு கோடு இழுத்திருந்தார். சொன்னவுடன் செய்யும் ஜனங்கள் இவர்கள். இவர்களுக்குச் சொல்வதற்குத்தான் ஆளில்லை. அக்குறையை நீக்கப் பெருஞ்செலவு வேண்டாம், நெடுங்காலமும் வேண்டாம். சர்க்காரும் ஜனங்களும் தங்கள் தங்கள் பங்கைச் செய்ய இனியும் தாமதிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.